பதினோராம் வளைவில் ஒரு கை

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த கை.
அடிவாரத்தில் பஸ் ஏறும்போதே
எலும்புகள் வந்துவிட்டன: மணிக்கட்டின் எட்டும்
ஓடைக் கூழாங்கற்கள் மாதிரி ஒன்றையொன்று இடித்தபடி.
ஐந்தாம் வளைவில் தமனி சிவப்பாக, சிரை நீலமாக.
எட்டில் தசைகள்.
பதினோராம் கொண்டை ஊசியில் சிக்னல் போயிற்று.
தோல் வரவேயில்லை.
ஏற்காடு போய்ச் சேரும்வரை என் மடியில்
தோலில்லாத ஒரு வலது கை
சுழன்றுகொண்டே வந்தது.
பக்கத்து சீட்டுக்காரர்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொட்டால் பெயர் சொல்லும் கை அது.
இன்னொருமுறை தொட்டால் அந்தத் தசை மறையும்.
கீழே ரீசெட் என்று ஒரு பொத்தான்.
மறைத்ததெல்லாம் திரும்பி வந்து
ஒன்றும் நடக்காதது போல ஒட்டிக்கொள்ளும்.

சேலத்தில், எங்கள் நான்காம் மேசையில்,
அந்தப் பொத்தான் கிடையாது.
அஃப்ரீனும் நானும் அறுத்தது அறுத்தபடியே இருக்கிறது.
போன வியாழன் அவசரத்தில்
ஒரு தோல்நரம்பை வெட்டிவிட்டேன், நூல் அளவுதான்.
மன்னிப்புக் கேட்கலாம் என்றால்
அவர் பெயர் தெரியாது. எண்தான் தெரியும்.
கட்டைவிரல் ஓரத்தில் பழைய தீப்புள்ளிகள்.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக் கண்ணிக்குப் பொடி வைத்து ஊதியவராக இருக்கலாம்.
டீ மாஸ்டராகவும் இருக்கலாம்.
எந்த வீடியோவிலும் இதற்கு அம்புக்குறி போடவில்லை.

கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டு
மணிக்கட்டை மடக்கினால்
நடுவில் ஒரு நாண் புடைக்கும்.
பால்மாரிஸ் லாங்கஸ்.
சிலருக்கு இருக்காதாம், அதனால் ஒன்றும் குறையாதாம்,
பிடிகூடத் தளராதாம்.

நான்காம் மேசைக்காரருக்கு இடக்கையில் இருந்தது.
வலக்கையில் தேடினோம். கொழுப்பை வழித்துத் தேடினோம்.
"அதையும் நீதான் வெட்டிட்டே" என்றாள் அஃப்ரீன்.
வெட்டியிருந்தால் முனை இருக்குமே?
முனையும் இல்லை.
நாங்கள் வருவதற்கு முன்பே,
அவர் பிறப்பதற்கும் முன்பே இல்லாதது.
அந்த வாரம் முழுக்க எங்களுக்கு நிம்மதி தந்தது
அந்த இல்லாததுதான்.

அன்றிலிருந்து முகங்களைப் பார்ப்பதில்லை.
தட்டுவடை செட்டில் பீட்ரூட் துருவலை அழுத்தும் அக்கா:
இருக்கிறது.
டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர்: இரண்டிலும்.
என் கை? ஹாஸ்டல் கண்ணாடி முன் நின்று பார்த்தேன்.
வழுவழுவென்று ஒரு பள்ளம். இரண்டிலும்.

உருவியல் என்று முதல் நாள் பலகையில் எழுதியபோது
எனக்கு வந்தது காபிச் செடிதான்.
கிளையைப் பிடித்து உருவினால் காயும் சேர்ந்து விழும்,
கூலியில் பிடிப்பார்கள்.
பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.
அம்மா எடுப்பாள், நாளுக்கு நாலு கூடை.

இந்த முறை அவளைத் தொடச் சொன்னேன்,
கட்டைவிரல், சுண்டுவிரல்.
பிசின் கறுத்த விரல்கள் சேர்ந்தன.
வலது: இல்லை.
இடது: இல்லை.
"இத்தனை வருஷம் எதை வெச்சும்மா கூடை தூக்கின?"
"கையை வெச்சுத்தான்" என்று
அரிசி களையப் போய்விட்டாள்.

திங்கள் காலை முதல் பஸ். பனி.
இறங்கும்போது அதே பதினோராம் வளைவில்
தோல் வந்தது.
ரேகை இல்லை, தழும்பு இல்லை, யாருடையதும் இல்லை.
தோலைத் தொட்டு நீக்கினேன்.
நடுவில் நீளமாக, பளபளவென்று அந்த நாண்.
அதையும் தொட்டேன். மறைந்தது.

இப்போது அந்தக் கை
நான்காம் மேசையுடையது போல இருந்தது,
அம்மாவுடையது போலவும்.
அடிவாரம் வந்தது. சிக்னல் நான்கு கோடு.
ரீசெட்டை அழுத்தாமல்
போனை அணைத்துப் பையில் போட்டேன்.